விடுபட்ட வார்த்தை

மெக்கானிக் வீட்டில் பேச்சுவார்த்தை முறிந்து இன்றோடு ஒன்பது நாள். முறிந்தது அப்பாவுக்கும் மகளுக்கும்தான். அம்மா நடுவில் தூது போய்க்கொண்டிருக்கிறாள், அதுவும் பத்தடி அகலமுள்ள ஒரே கூடத்துக்குள்.

“உங்கப்பா சீப்பு எங்கன்னு கேக்கறார்.”

“அலமாரி மேலன்னு சொல்லும்மா.”

“அலமாரி மேலயாம்.”

“காதுல விழுந்துச்சு” என்றார் அப்பா, எதிரே இருந்த சுவரைப் பார்த்து.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் இந்தத் தொடருக்குள் வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்ஜினீயரிங் கல்லூரியில் மோட்டார் பற்றிப் படிப்பதாக அப்பா நம்பிக்கொண்டிருந்த மகள் சுட்டி, இரண்டு மாதமாகப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருக்கிறாள். அது எப்படியோ அப்பாவுக்குத் தெரியவந்த அதே திங்கட்கிழமை, இருபத்திரண்டு வருடமாக அவர் பராமரிக்கிற ஆஸ்பத்திரி லிஃப்ட்களில் மூன்றாம் நம்பர் மக்கர் செய்தது. நான்காம் மாடியில் நிற்க வேண்டியது ஒரு சாண் கீழே வழுக்கி நின்றது. ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியே வந்த நர்ஸ் தட்டி விழுந்து, கணுக்கால் எலும்பு முறிந்துபோனது.

ஒரே நாளில் தலையில் இரண்டு இடி. எது முதலில் விழுந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இன்று காலை பதினோரு மணிக்கு விசாரணை. வேலை இருக்குமா போகுமா என்பது அங்கேதான் தெரியும்.

கூடத்துத் தரையில் எட்டு நோட்டுகள் விரிந்து கிடந்தன. ஒவ்வொரு வாரமும் எந்த லிஃப்டில் என்ன வேலை செய்தோம் என்று அப்பா எழுதிவைக்கிற பராமரிப்பு நோட்டு. மேல் தாளை ஆபீஸில் கொடுத்துவிடுவார். அடியில் பதிந்த கார்பன் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து அட்டை போட்டு வைப்பார். அட்டை மேல் அப்பா பெயரையும் வருடத்தையும் எழுதுவது அம்மாவின் வேலை. அம்மா மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். சுவரில் மாட்டிய எழுத்துகளை வந்தவர்களைப் படிக்கச் சொல்லிப் பழகியதாலோ என்னவோ, அவள் எழுத்து ஒவ்வொன்றும் குண்டு குண்டாக இருக்கும். புள்ளியைக்கூடச் சும்மா குத்த மாட்டாள், குட்டிப் பூஜ்யமாகச் சுழித்துத்தான் வைப்பாள்.

அப்பா எழுத்துக்குப் புள்ளியே கிடையாது. கேட்டால், “புள்ளி வைக்கிற நேரத்துல ஒரு நட்டை முடுக்கிடலாம்” என்பார்.

அந்தப் புள்ளியில்லாத எழுத்தில்தான் இப்போது அவர் தலை சிக்கியிருந்தது. ஆபீஸிலிருந்து வந்த கடிதத்தை அம்மா நூறாவது முறையாக உரக்கப் படித்தாள்.

“‘மேற்படி தேதியில் 3 பிரேக் விட்டேன் என்று தாங்களே எழுதியுள்ளபடியால், பிரேக் சோதனையைச் செய்யாமல் விட்டதைத் தாங்கள் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படுகிறது.’ யார்டி இப்படியெல்லாம் கருதறது?”

“மெக்கானிக் பாஷை தெரியாதவங்க” என்றாள் சுட்டி. மூன்று நாளாகத் தரையில் உட்கார்ந்து நகல்களைப் புரட்டியதில் அவள் விரல்நுனியெல்லாம் கார்பன் கறுப்பு. “விட்டேன்னா, செய்யாம விட்டேன்னு அர்த்தம் இல்லம்மா. வேலை செய்யும்போது லிஃப்டை நிறுத்தி, ‘வேலை நடக்கிறது’ன்னு போர்டு மாட்டுவாங்க. முடிஞ்சதும் போர்டை எடுத்துட்டு லிஃப்டை ஓட விடுவாங்க. அதைத்தான் ‘விட்டேன்’னு எழுதறாரு.”

“அட ஆமா! நம்ம வீட்டு ஃபேனை ரிப்பேர் பண்ணிட்டுக்கூட ‘விட்டுட்டேன்’னுதானே சொல்வார்?”

“மூணாம் நம்பர் லிஃப்டுக்கு மட்டும் எட்டு வருஷத்துல நானூத்திப் பதினொரு தடவை ‘விட்டேன்’ எழுதியிருக்காரு. அத்தனையும் வேலை செய்யாம விட்டதுன்னா, அந்த லிஃப்ட் என்னிக்கோ பாதாளத்துக்குப் போயிருக்கணும்.”

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டீங்களா? கதை படிக்கிற படிப்புன்னீங்களே?”

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சுவரிடம் பேசினார். “நான் படிக்கச் சொன்னது மோட்டாரை. இவ படிக்கிறது செத்துப்போனவங்க லெட்டரை. ஒரு வார்த்தையை மூணு நாளா உக்காந்து எண்றா. இதுக்குப் பேரு படிப்பு. நாளைக்கு இது சோறு போடுமான்னு கேளு.”

“இன்னைக்கு உங்க வேலையைக் காப்பாத்துது. அது போதாதா?” என்றாள் அம்மா.

அப்பா அலமாரி மேலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். நியாயமாக அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பதை அந்த அவசரத்தில் இரண்டு பெண்களும் கவனிக்கவில்லை.

விசாரணைக்கு உதவியாக ஒருவரை அழைத்து வரலாம் என்று கடிதத்தில் போட்டிருந்தது. சங்கச் செயலாளர் வருவதாகச் சொல்லியிருந்தார். நேற்று சாயங்காலம் அவருக்குத் திடீரென்று பல்வலி வந்துவிட்டது. விசாரணை முடிகிறவரை அந்தப் பல் வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆக, மிச்சம் இருந்தது சுட்டிதான்.

“அவளைக் கூட்டிட்டுப் போங்க. பேச வேண்டாம், கூட்டிட்டு மட்டும் போங்க” என்றாள் அம்மா.

* * *

பஸ்ஸில் அப்பா முன்னால் உட்கார்ந்தார். மகள் நாலு சீட் தள்ளிப் பின்னால் உட்கார்ந்தாள். மடியில் எட்டு நோட்டும் அடங்கிய பை. பார்ப்பவர்களுக்கு இரண்டு பேரும் யாரோ எவரோ.

விசாரணை அறை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஈரத் துணியும் சோப்பும் சேர்ந்த வாடை. வெளியே ஒரு நீள பெஞ்சு. எதிரே மூன்றாம் நம்பர் லிஃப்ட், கதவில் ‘வேலை நடக்கிறது’ போர்டு தொங்க, சும்மா நின்றுகொண்டிருந்தது. அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பெஞ்சின் ஓரத்தில் லிஃப்ட் அக்கா உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நம்பரை ஓட்டுகிறவள் அவள்தான். பதினான்கு வருடமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து மேலேயும் கீழேயும் போய் வருகிறவள். மெக்கானிக்கைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

“வாங்கண்ணே. உங்களுக்கு அப்புறம் பதினொன்றரைக்கு என்னையும் கூப்பிட்டிருக்காங்க.”

“உன்னை எதுக்கு?” என்றார் அப்பா.

“பிரேக்ல கோளாறுன்னா உங்க தப்பாம். பிரேக் சரியா இருந்துச்சுன்னா, நான் ஆளை அதிகமா ஏத்தினேன்னு அர்த்தமாம். அன்னிக்கு ஒரு ஸ்ட்ரெச்சர், ஏழு பேர்ண்ணே. எண்ணித்தான் ஏத்தினேன். நான் எண்ணாம கதவைச் சாத்தி நீங்க பாத்திருக்கீங்களா?”

“இல்ல.”

“அதை மட்டும் உள்ள சொல்லுங்கண்ணே. போதும்.”

அவளை யாரோ கையெழுத்து வாங்க உள்ளே கூப்பிட்டார்கள். போய்விட்டாள். அப்பா தன் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மணி பத்தேகால். சுட்டி பையைத் திறந்தாள். அதிகாரியிடம் காட்ட ஐந்தாறு வரிகளை முழுசாக எடுத்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இதுவரை துண்டுச் சீட்டுகளில் தேதியும் ‘விட்டேன்’ என்ற ஒரு வார்த்தையும்தான் குறித்திருந்தாள். தேடினது அந்த வார்த்தையை மட்டும்தானே?

முதல் நோட்டில் ஒன்று. *3 பிரேக் பார்த்து விட்டேன்.*

மூன்றாம் நோட்டில் ஒன்று. *3 பிரேக் பார்த்து விட்டேன்.*

ஆறாம் நோட்டில் ஒன்று. *3 பிரேக் பார்த்து விட்டேன்.*

பேனா நின்றது. ஐந்தாம் நோட்டை எடுத்தாள். ஏழாம் நோட்டை எடுத்தாள். திங்கட்கிழமைகளாகப் பார்த்துக்கொண்டே போனாள். பார்த்து விட்டேன், பார்த்து விட்டேன், பார்த்து விட்டேன். மழைக்காலத்தில் கை நடுங்கி எழுதியதிலும் இருந்தது, காய்ச்சலோடு வந்து எழுதியதிலும் இருந்தது. நானூற்றுப் பத்து இடத்தில் ‘பார்த்து’ இருந்தது.

அந்த ஒரு திங்கட்கிழமை மட்டும் இல்லை. *3 பிரேக்*, அதற்குப் பிறகு இரண்டு விரல்கடை வெற்றிடம், அதற்குப் பிறகு *விட்டேன்.*

மூன்று நாளாக இந்தப் பக்கத்தை இருபது தடவை பார்த்திருக்கிறாள். எழுத்தைப் பார்த்தாளே தவிர வெற்றிடத்தைப் பார்க்கவில்லை. ஒரு பழைய தாளைக் கையில் எடுத்தால் யார் எழுதினது, யாருக்கு எழுதினது, எதை எழுதாமல் போனது என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பது அவள் வகுப்பில் முதல் வாரப் பாடம். மூன்றாவது கேள்வியை அவள் கேட்கவே இல்லை. சொந்த அப்பா என்பதால் கேட்கத் தோன்றவில்லை.

அவள் நோட்டோடு அப்பா பக்கம் நகர்ந்தாள். ஒன்பது நாள் மௌனமெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை.

“அப்பா.”

அவர் நிமிர்ந்தார்.

“அன்னிக்கு ‘பார்த்து’ எங்கப்பா?”

அப்பா நோட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு பெஞ்சின் அந்தக் கோடியில் லிஃப்ட் அக்கா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். அது காலியாகத்தான் இருந்தது.

“கண்டுபிடிச்சுட்டியா” என்றார்.

“நீங்க பிரேக்கைப் பாக்கலையா?”

“போர்டு மாட்டிட்டேன். மெயினையும் ஆஃப் பண்ணிட்டேன். பிரேக் மூடியைக் கழட்டப் போறப்ப போன் வந்துச்சு. உன் பழைய காலேஜ்லேர்ந்து. ‘உங்க பொண்ணோட சர்ட்டிஃபிகேட் ஒண்ணு இங்கயே தங்கிடுச்சு, ரெண்டு மாசமாச்சு, வந்து வாங்கிக்கறீங்களா’ன்னு ஒரு கிளார்க் கேட்டாரு.” அப்பா குரல் மிகவும் தணிந்திருந்தது. “எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. லிஃப்டை நிறுத்தி வெச்சுட்டும் போக முடியாது, ஸ்ட்ரெச்சர் வரிசையா நிக்குது. போர்டை எடுத்தேன், விட்டேன், உன் காலேஜுக்கு பஸ் ஏறிட்டேன்.”

“அப்போ இது?” வெற்றிடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“ரெண்டு மணிக்குத் திரும்பி வந்து எழுதினேன். ‘பார்த்து’ன்னு எழுதப் போனா கை வரலை. இடம் விட்டுட்டேன். சாயங்காலம் ஓட்டம் குறைஞ்சதும் பிரேக்கைப் பாத்துட்டு அந்த வார்த்தையை எழுதிக்கலாம்னு இருந்தேன். மூணு மணிக்கு அந்த நர்ஸ் பொண்ணு விழுந்துருச்சு.”

“என்ன கோளாறுன்னு பாத்தீங்களா?”

“அப்புறமா பாத்தேன். பிரேக் கட்டை லைனிங்ல எண்ணெய் கசிஞ்சு வழுக்கியிருக்கு. திறந்து பாத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.”

சலவை அறை மெஷின் நின்று, மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அப்பா மகள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“இங்க பாரு. காலையில வீட்ல சொன்னியே, அதையே உள்ள சொல்லு. விட்டேன்னா ஓட விட்டேன்னுதான் அர்த்தம். அதுல பொய் இல்லையே? அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. நீ மூணு நாள் உக்காந்து கண்டுபிடிச்சதை அவங்க மூணு நிமிஷத்துல கண்டுபிடிக்கப் போறதில்ல.”

“அப்பா...”

“இதைச் செஞ்சு குடு. நான் உன் படிப்பைப் பத்தி இனிமே வாயே திறக்க மாட்டேன். வரலாறு படி, பூகோளம் படி, என்ன வேணா படி. நானே கொண்டுவந்து விடறேன்.”

இரண்டு மாதமாக அவள் ஏங்கிக்கொண்டிருந்த வார்த்தை இதுதான். இப்படி, இந்த இடத்தில், இந்த விலைக்குக் கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அப்பா மேல் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. அவரை அந்தத் திங்கட்கிழமை பஸ் ஏற்றிவிட்டது தான்தான் என்ற எண்ணம் வந்ததும் கோபம் முழுக்கத் தன் மேலேயே திரும்பியது.

கதவு திறந்தது. “மெக்கானிக் வரலாம்” என்றது ஒரு குரல்.

* * *

நிர்வாக அதிகாரிக்குப் பலத்த ஜலதோஷம். ஒரு கையில் கைக்குட்டை, மறு கையில் ஃபைல். பக்கத்தில் டைப்பிஸ்ட், முன்னால் கீபோர்டு.

“இது யாரு?”

“என் பொண்ணு மேடம்.”

“என்ன படிக்கற?”

“ஹிஸ்டரி மேடம்.”

“ஏன், மார்க் வரலையா?”

டைப்பிஸ்ட் சிரித்தார். சுட்டிக்குக் காது சுட்டது. மார்க் வந்தது, வந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

“சரி, சொல்லும்மா. ‘விட்டேன்’னு உங்கப்பாவே எழுதியிருக்காரு. இதுக்கு மேல என்ன இருக்கு?”

சுட்டி எழுந்து நின்றாள். ஆரம்பத்தில் குரல் பிசிறியது, போகப் போகத் தெளிந்துவிட்டது. லிஃப்டை நிறுத்துவது, போர்டு மாட்டுவது, ஓட விடுவது என்று வரிசையாகச் சொன்னாள். எட்டு நோட்டையும் மேஜையில் வைத்து எண்ணிக்கையைச் சொன்னாள். மற்ற லிஃப்ட்களுக்கும் அதே வார்த்தை வருவதைக் காட்டினாள். *1 கதவு சரி செய்து விட்டேன். 2 ரோப்புக்கு எண்ணெய் போட்டு விட்டேன்.* “இதுல எதையுமே செய்யாம விட்டதா அர்த்தம் எடுக்க முடியாது மேடம். ஆபீஸ்ல விட்டேன்னா ஒரு அர்த்தம், மோட்டார் ரூம்ல விட்டேன்னா வேற அர்த்தம். எழுதினது மோட்டார் ரூம்ல.”

அதிகாரி கைக்குட்டையைக் கீழே வைத்தார். ஒரு நோட்டை எடுத்தார், புரட்டினார், இன்னொன்றை எடுத்தார். டைப்பிஸ்ட் இப்போது சிரிக்கவில்லை.

“கெட்டிக்காரிதான்” என்றார் அதிகாரி. “இந்தக் கடிதத்தை எழுதினவர் என்ஜினீயர். அவருக்கு இது தோணலை.”

அப்பா மூச்சு விடுகிற சத்தம் சுட்டிக்குக் கேட்டது.

அதிகாரி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, சொல்லச் சொல்ல எழுத வைத்தார். “மெக்கானிக் மேற்படி தேதியில் வழக்கம் போல பிரேக்கைப் பார்த்து விட்டார். ஆகவே பிரேக்கில் குறை இருந்ததாகக் கொள்ள முடியாது. ஆபரேட்டர் அளவுக்கு அதிகமாக ஆட்களை ஏற்றியதே விபத்துக்குக் காரணம் என்று...” மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தார். “சரிதானே? வாசிச்சுப் பாத்து கையெழுத்துப் போடும்மா. நீதானே கண்டுபிடிச்சே.”

தாள் அவள் முன்னால் வந்தது. *பிரேக்கைப் பார்த்து விட்டார்.* அப்பாவால் எழுத முடியாத வார்த்தையை டைப்பிஸ்ட் ஒரு நொடியில் அடித்துப் போட்டிருந்தார்.

வெளியே பெஞ்சில் லிஃப்ட் அக்கா இருமினாள்.

சுட்டி அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டுவிடு என்று சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. அவள் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். திரும்ப மூடிவிட்டாள்.

“இந்த வார்த்தை அதுல இல்ல மேடம்.”

“எந்த வார்த்தை?”

“‘பார்த்து’. நோட்டுல ‘விட்டேன்’ மட்டும்தான் இருக்கு. ‘பார்த்து’ங்கறதை நாம சேக்கறோம்.”

“வழக்கம் போலன்னு நீதானேம்மா காட்டினே?”

“மத்த நானூத்திப் பத்து நாள் அந்த வார்த்தை இருக்கு. அன்னிக்கு இல்ல. அந்த இடம் காலியா இருக்கு.” நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினாள். “இல்லாததைச் சேத்துப் படிக்கக் கூடாதுன்னுதான் எங்களுக்கு முதல்ல சொல்லித் தர்றாங்க. எனக்குப் பிடிச்ச மாதிரி வந்தாலும் சேக்கக் கூடாது. இதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. எழுதினவர் இங்கயே இருக்காரு.”

அதிகாரி மெக்கானிக்கைப் பார்த்தார். டைப்பிஸ்டும் பார்த்தார். சுட்டி மட்டும் பார்க்கவில்லை, பார்க்கிற தைரியம் இல்லை.

அப்பா எழுந்து நின்றார். எழுந்திருக்கும்போது நாற்காலி கிரீச்சிட்டது.

“பாக்காம விட்டேன் மேடம். மூடியைக் கழட்டவே இல்ல. லிஃப்ட் பொண்ணு மேல தப்பு இல்ல. அது எண்ணித்தான் ஏத்தும்.”

அதிகாரி ஃபைலில் இருந்த மேல் தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்தத் தேதியில் இருந்த வெற்றிடத்தை உற்றுப் பார்த்தார்.

“விபத்துக்கு அப்புறம் இந்தத் தாள் யார்கிட்ட இருந்துச்சு?”

“மறுநாள் காலை வரைக்கும் என்கிட்டதான் மேடம்.”

“இதுல ஒரு வார்த்தை எழுதியிருந்தா இந்த விசாரணையே இல்லையே. ஏன் எழுதலை?”

“பாக்கலையே மேடம்” என்றார் அப்பா, இதென்ன கேள்வி என்பதுபோல.

அதிகாரி பேனாவால் மேஜையைத் தட்டினார். “அந்த நேரத்துல எங்க போயிருந்தீங்க?”

“வெளிய.”

“வெளியன்னா?”

“சொந்த வேலை.”

சுட்டி வாயைத் திறந்தாள். மேஜைக்கு அடியில் அப்பாவின் கை அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

“காரணம் நியாயமானதா இருந்தா தண்டனையோட போயிடும். இல்லன்னா வேலை போயிடும். இருபத்திரண்டு வருஷத்தைப் பாத்துச் சொல்றேன், வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொண்டாங்க. அதுவரைக்கும் மோட்டார் ரூம் சாவி இங்க இருக்கட்டும்.”

அப்பா சாவியை வளையத்திலிருந்து கழற்றினார். நகம் நழுவியது, இரண்டாம் தடவை கழன்றது. டைப்பிஸ்ட் புதிதாக அடித்துத் தந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார்.

“புள்ளியை விட்டுட்டீங்க” என்றார் டைப்பிஸ்ட்.

“எப்பவும் விடறதுதான்” என்றார் அப்பா.

* * *

பஸ் நிறுத்தத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. இருவரும் ஒரே கம்பத்து நிழலில் நின்றார்கள். வேறு நிழல் இல்லை.

“என் மேல கோவமாப்பா?”

“இருக்கு.” சற்றுக் கழித்து, “நீ கையெழுத்துப் போட்டிருந்தா இன்னும் கோவமா இருந்திருக்கும்னு நினைக்கறேன். தெரியலை. வீட்டுக்குப் போய் யோசிக்கணும்” என்றார்.

“காலேஜ்ல யார் வந்தாலும் கேட்ல பேரும் நேரமும் எழுதி வாங்குவாங்க. அந்த நோட்டுல உங்க கையெழுத்து இருக்கும். நான் போய் நகல் வாங்கிட்டு வரேன். காரணத்துக்கு அது போதும். என்னாலதான் நீங்க போனீங்கன்னு நானே எழுதித் தரேன்.”

“வேண்டாம்.”

“ஏன்ப்பா?”

“நாளைக்கு உனக்கு கிளாஸ் இருக்கா?”

“பத்து மணிக்கு இருக்கு. ஆனா...”

“போ. விட்டுடாத. நான் விட்ட வரைக்கும் போதும்.”

“பேச்சை மாத்தாதீங்கப்பா. ஏன் வேண்டாம்?”

அப்பா சாலையைப் பார்த்தார். பஸ் வருகிற அறிகுறி இல்லை.

“அந்தக் காலேஜைக் கிளறினா ரெண்டு தாள் வெளிய வரும். ஒண்ணு கேட் நோட்டு. இன்னொண்ணு, நீ படிப்பை விட்டு விலகறேன்னு குடுத்த விண்ணப்பம். கிளார்க் எடுத்துக் காட்டினாரு. கீழ அப்பா கையெழுத்து.”

சுட்டி நோட்டுப் பையைத் தோளில் இறுக்கிக்கொண்டாள்.

“ரொம்ப நல்லா இருந்துச்சு. நான் போட்டாகூட அவ்வளவு நல்லா வராது. புள்ளிகூட இருந்துச்சு” என்றார் அப்பா. “குட்டியா, வட்டமா, பூஜ்யம் மாதிரி.”

“அப்பா, அது நான்தான் கெஞ்சி... அம்மா வேண்டாம்னுதான் முதல்ல...”

“நீ மட்டும்தான் எழுத்தைப் படிப்பியா?” அவர் குரல் உடைந்தது. “எட்டு நோட்டு அட்டையிலயும் அந்தப் புள்ளியைத்தான் நான் தினம் பாக்கறேன்.”

பஸ் வந்தது. இந்தத் தடவை இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள்.

வாசலிலேயே காத்திருந்தாள் அம்மா. கண்ணாடிக் கடைக்கு லீவு போட்டிருந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக வருவதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“என்னாச்சுங்க? ஜெயிச்சுட்டாளா? ஏண்டி, நீயாவது சொல்லு. ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?”

சுட்டி அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நோட்டுப் பையைத் தரையில் வைத்தாள். அப்பா உள்ளே போனார், அம்மாவும் பின்னாலேயே போனாள். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துவந்து உட்கார்ந்து, மனைவி பக்கமாக மெதுவாகத் தள்ளி வைத்தார்.

“அந்தத் திங்கட்கிழமை நான் எங்க போனேன், ஏன் போனேன்னு ஆபீஸுக்கு ஒரு லெட்டர் எழுதணும். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். நீயே எழுது” என்றார்.

“நானா? எனக்கென்னங்க தெரியும்?”

“எழுது” என்றார் அப்பா. “எழுதிட்டு, கீழ என் கையெழுத்தையும் நீயே போட்டுடு.”